மற்றும் குடும்பத்தினர்

ரேடியோவுக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, கழுத்து எது என்று தெரியாமல் குறுக்குவாட்டில் ஒரு சாமந்தி மாலையும் போட்டிருந்தார்கள். இழைப்புளி, உளி, ரம்பம், கொட்டாப்புளி எல்லாம் வாழையிலையில் வரிசையாகக் கிடக்க, நடுவில் அது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

தலைக்குக் குளித்த ஈரம் முதுகில் சொட்ட, நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கற்பூர வாசனையும் புது மரத்தூள் வாசனையும் கலந்து கூடம் முழுவதும் நிறைந்திருந்தது.

“தொட்டுக் கும்பிட்டுக்கத்தா” என்றார் மாமா. மாமா என்றால் என் மாமனார். காரைக்குடி செக்காலையில் தச்சுப்பட்டறை வைத்திருந்தவர்.

எனக்குக் கும்பிடத் தோன்றவில்லை. அன்று சாயங்காலம் அந்த ரேடியோவில் என் பேர் வர வேண்டும். பினாங்கிலிருந்து என் வீட்டுக்காரர் சொல்லி, மலேயா ஸ்டேஷன்காரர் வாசித்து, கடல் தாண்டி வர வேண்டும். ஆனால் ஆயுத பூஜைக்கு வைத்த சாமானை மறுநாள் காலை மறுபூஜை போடாமல் யாரும் தொடக் கூடாது. எங்கள் ஆசாரி வீடுகளில் அது சட்டம். உளியைத் தொடக் கூடாது என்றால் சரி. ரேடியோவை எதற்கு அங்கே கொண்டுபோய் வைத்தார்கள்?

இதற்கு மேல் சொல்வதற்கு முன்னால் ஒன்று. போன வாரம் இந்தப் பத்திரிகையில் எழுதியதைப் படித்துவிட்டு என் மகள் மதுரையிலிருந்து போன் செய்தாள். “பெரியம்மாவைப் பத்தி இப்படியாம்மா எழுதுறது? அவுக படிப்பாகல்ல?” என்றாள். போன வாரம் நான் எழுதியது ஒன்றுமே இல்லை. என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, சிவகாமி அக்கா வைக்கும் குழம்பில் புளி தூக்கல் என்று ஒரே ஒரு வரி. இந்த வாரம்தான் விஷயத்துக்கே வருகிறேன். படிக்கட்டும்.

பூட்டுப் போட்ட ரேடியோ

நான் பிறந்தது நாச்சியாபுரம். எங்கள் ஊரில் அப்போது ஒரே ஒரு ரேடியோதான். பஞ்சாயத்து ரேடியோ. சின்னக் கட்டடத்துக்குள் மரப்பெட்டியில் வைத்துப் பூட்டியிருப்பார்கள். ஒலிபெருக்கிக் குழாய் மட்டும் வெளியே வேப்பமரத்தில் கட்டியிருக்கும். சாயங்காலமானால் ஓர் ஆள் வந்து கதவைத் திறந்து போட்டுவிட்டு, மறுபடி பூட்டிக்கொண்டு காவலாக வாசலில் உட்கார்ந்துகொள்வார்.

அது என்ன சொன்னதோ அதைத்தான் ஊர் கேட்டது. வயலுக்கு உரம் போடச் சொன்னால் உரம், கச்சேரி வைத்தால் கச்சேரி. அதைத் திருகலாம், திருகினால் வேறு ஊர் வரும் என்பதே எனக்குக் கல்யாணம் ஆகும்வரை தெரியாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ரேடியோ விஷயத்தில் எனக்குக் கை வராமல் போனதற்கு நான் பொறுப்பில்லை. பழக விட்டால்தானே?

சிவகாமி அக்காவின் கதை வேறு. அவள் நெற்குப்பைக்காரி. அங்கே பெரிய வீட்டு ஆச்சி ஒருவர் இவளைக் கூடமாட ஒத்தாசைக்குக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, ரேடியோவையும் இவள் கையில் கொடுத்துவிட்டாராம். பாவாடை கட்டும் வயதிலேயே ரங்கூன் என்ன, சிங்கப்பூர் என்ன என்று திருகித் திருகிப் பழகிவிட்டாள். அந்தக் கையோடு எங்கள் வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்தாள். நான் சில வருஷம் கழித்து இரண்டாவது மருமகளாக, ஒன்றும் தெரியாத கையோடு வந்தேன்.

பொட்டு வைத்த கண்ணாடி

எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் முடிவதற்குள் இவர் பினாங்குக்குக் கப்பல் ஏறிவிட்டார். அங்கே மேசை நாற்காலி செய்யும் பட்டறையில் வேலை. இவர் என்றே எழுதுகிறேன், மன்னிக்கவும். பேரை எழுதக் கூடாது என்று இப்போது யாரும் தடுக்கவில்லை. இத்தனை வருஷம் வாயில் வராத பேர், கையில் மட்டும் வந்துவிடுமா?

இவர் போன இரண்டாவது வருஷம் ஊர்க்காரர் ஒருவர் மூலமாக நாகப்பட்டினம் வழியாக ரேடியோ வந்து சேர்ந்தது. சித்திரை வெயிலில் வந்தது. நல்ல கனம். முகப்பில் பொன் நிறத் துணி. போட்டவுடன் சூடேறுவதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும், அதுவரை நெஞ்சு அடித்துக்கொள்ளும். நடுவில் பச்சையாக ஒரு கண் உண்டு. ஸ்டேஷன் சரியாகச் சிக்கினால் அந்தக் கண் மெல்ல மூடும், விலகினால் விழித்துக்கொள்ளும். மாமா அதற்குத் தேக்கில் ஒரு மேடை செய்தார். கொல்லைத் தென்னைக்கும் ஓட்டு முகட்டுக்கும் நடுவில் கம்பி கட்டினார்கள்.

என் வீட்டுக்காரர் அனுப்பிய ரேடியோ. வந்த அன்றைக்கே அதன் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டவள் சிவகாமி.

அவள் திருகுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குமிழைத் திருகுகிறாளா இல்லை சும்மா தொட்டுக்கொண்டிருக்கிறாளா என்றே தெரியாது. ஊசியில் நூல் கோக்கிறவள் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொள்வாள். ஏதாவது சத்தம் கேட்டால் உடனே சொல்லிவிடுவாள்.

“இது சீனாக்காரன், தள்ளு. டக்கு டக்குன்னு அடிக்கிறது தந்திக்காரன், தள்ளு. இந்தா, இது ரங்கூன். இருக்கட்டும், பெறகு வருவோம்.”

அப்புறம் கண்ணாடியில் குறி வைப்பாள். தீக்குச்சி நுனியில் சாந்தைத் தொட்டு, முள் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே துளியாக ஒரு பொட்டு. மாமாவுக்குச் செய்தி கேட்க ஒரு பொட்டு. அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, கதை கேட்க ஒன்று. சினிமாப் பாட்டுக்குச் சிவப்பில் ஒன்று. மலேயா ஸ்டேஷனுக்குக் கறுப்புச் சாந்து. நாங்கள் யாராவது கேட்க வேண்டும் என்றால் முள்ளைப் பொட்டுக்கு நேரே கொண்டுபோனால் போதும்.

போதும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு மட்டும் போதவில்லை. நான் பொட்டுக்கு நேரே முள்ளை வைத்தால் கொரகொர என்று இரைச்சல்தான் வரும். பொட்டின் தடிமனுக்குள் நாலு ஸ்டேஷன் இருக்கும். அந்தக் கண் என்னைப் பார்த்து அகல விழித்துக்கொண்டே இருக்கும்.

“அவசரப்படாதத்தா. சிவகாமி கை பதமான கை. ஒங்கை சம்மட்டி அடிக்கிற கை” என்பார் மாமா. சிரித்துக்கொண்டேதான் சொல்வார். தச்சர் வீட்டில் ஒரு மருமகளைப் பார்த்துக் கை பதம் என்று சொல்வது என்ன சாமானியமா? அதைச் சொல்லக் கேட்டுக்கொண்டு நான் அடுக்களைக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்டுவேன். வேறு என்ன செய்ய முடியும்?

பொறாமையா என்று கேட்டால், ஆமாம். பச்சைப் பொறாமை. என் புருஷன் ஊர் என் கைக்கு வராமல் அவள் கைக்கு வருகிறதே என்று எனக்கு ராத்திரி சாப்பாடே இறங்காது.

அங்கே மழை

அந்த ஆவணியில் ஒருநாள் சாயங்காலம். மலேயா ஸ்டேஷனில் பாட்டு போய்க்கொண்டிருந்தது. நடு நடுவே சடசட என்று சத்தம். நான் முறுக்குக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தேன்.

சிவகாமி அக்கா காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “கொழுந்தன் ஊருல மழை போலருக்கு. இடி இடிக்குது” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். ரேடியோவில் இடிக்கிற இடி எந்த ஊர் இடி என்று யாருக்குத் தெரியும்? ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் கடலில் இடித்திருந்தாலும் கேட்கும். ஆனால் எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. என் வீட்டுக்காரர் நனைகிறாரா, காய்கிறாரா என்பது இவளுக்குத் தெரிகிறது. எனக்குத் தெரியவில்லை. மாதம் ஒரு நீலக் கடுதாசி வரும். அதுவும் மாமா பேருக்கு வரும். கடைசியில் ‘கனகத்துக்கும் சொல்லவும்’ என்று இருக்கும். என்ன சொல்ல வேண்டும் என்று இருக்காது.

“எம் புருஷன் நனைஞ்சா ஒங்களுக்கு என்னக்கா? கொடை கொண்டு போறீகளோ?” என்று கேட்டுவிட்டேன்.

அக்கா ரேடியோவை அமர்த்தினாள். எழுந்து போய்விட்டாள்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு இல்லை. பேச வேண்டியதை எல்லாம் அத்தை வழியாகப் பேசிக்கொண்டோம். “அத்தை, ஒங்க மூத்த மருமகளை உப்பு ஜாடியை இங்குட்டு நகத்தச் சொல்லுங்க.” “அத்தை, ஒங்க சின்ன மருமககிட்ட கண்ணு இருந்தா பாத்து எடுத்துக்கச் சொல்லுங்க.” பாவம், அத்தை. நடுவில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பி, “ரெண்டு பேருக்கும் காது இருக்குல்ல, நான் எதுக்குடி?” என்பார்.

அந்த நிலைமையில்தான் கடுதாசி வந்தது. ஆயுத பூஜைக்கு முதல் நாள். நேயர் விருப்பத்துக்கு எழுதிப் போட்டிருப்பதாகவும், சரஸ்வதி பூஜை அன்று சாயங்காலம் நம் ஊர் நேரத்துக்கு ஆறரை வாக்கில் கேட்கும்படியும், வீட்டில் உள்ளவர்கள் பேர் எல்லாம் வரும் என்றும் இவர் எழுதியிருந்தார்.

பேர் எல்லாம் வரும். நான் அந்த வரியை மட்டும் கொல்லைக் கிணற்றடியில் வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன். கனகம். ரேடியோவில் கனகம். அந்த ஸ்டேஷன்காரருக்குக் கனத்த குரல். அவர் சொன்னால் எப்படி இருக்கும் என்று வாயைக் குவித்து நானே சொல்லிப் பார்த்தேன்.

தொடச்ச புண்ணியவதி

இப்போது சந்தனம் பூசிய ரேடியோவுக்குத் திரும்பி வருகிறேன்.

ரேடியோ வந்த பிறகு அதுதான் முதல் ஆயுத பூஜை. அதனால் அதைப் பூஜையில் வைப்பார்களா, மாட்டார்களா என்று யாருமே யோசிக்கவில்லை. நான் குளிக்கப் போயிருந்த நேரத்தில் மாமாவுக்குத் திடீரென்று தோன்றியிருக்கிறது. “சின்னவன் சம்பாதிச்சு அனுப்புன சாமான். அதுவும் ஒழைக்கத்தான செய்யுது? எடு, அதையும் வை” என்று சொல்லிவிட்டார்.

பூஜைக்கு வைப்பதற்கு முன்னால் துடைக்க வேண்டுமே. அத்தை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்திருக்கிறார். நான் கண்ணாடியைப் பார்த்தேன். ஒரு பொட்டுகூட இல்லை. செய்தி இல்லை, கதை இல்லை, மலேயா இல்லை. கல்யாணப் பெண் நெற்றி மாதிரி இருந்த கண்ணாடி மூளியாக இருந்தது.

“அத்தை, பொட்டெல்லாம் எங்க?”

“அழுக்காக் கெடந்துச்சுத்தா, நல்லாத் தொடச்சு விட்டேன்” என்றார், பெருமையாக.

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். நல்ல நாளும் அதுவுமாக அழுகிறாளே என்று மாமா திகைத்துப்போனார். பூஜை அவசரத்தில் அவர் மறந்திருந்த கடுதாசியை நினைவுபடுத்தினேன். அவர் முகமும் வாடிவிட்டது. மகன் பேர் வருவதைக் கேட்க அவருக்கு மட்டும் ஆசை இல்லையா? மாலையை எடுக்கலாமா என்று ஒரு நிமிஷம் கை நீட்டினார். பிறகு இழுத்துக்கொண்டார்.

“வச்சது வச்சதுதேன். கலைக்கக் கூடாது. பேரு காத்துல வந்துட்டுப் போகுது, நம்ம மனசுக்குத் தெரியுமுல்ல” என்றார்.

மனசுக்குத் தெரிந்து என்ன செய்ய? காதுக்கல்லவா கேட்க வேண்டும்?

மத்தியானம் பாயசம் வைத்தார்கள். நான் தொடவில்லை. ஐந்து மணி வாக்கில் முகம் கழுவிக்கொண்டு சிவகாமி அக்கா என் முன்னால் வந்து நின்றாள். அத்தை வழியாக அல்ல, நேராக என்னிடம் பேசினாள்.

“ஏய், கெளம்பு. மீனா ஆச்சி வீட்டுல ரேடியோ பூசையில இருக்காது. அவுக கணக்கு ஏட்டையும் பேனாவையும்தான வைப்பாக?”

இது எனக்கு ஏன் தோன்றவில்லை? மூன்று தெரு தள்ளி இருக்கிற செட்டியார் வீடு. மாமா கதவு வேலை பார்த்த வீடு. அழுதுகொண்டே இருந்தேனே தவிர யோசிக்கவில்லை. அதையும் இவளே யோசித்துவிட்டாளே என்று அந்த நேரத்திலும் எனக்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் கிளம்பினேன்.

ஆச்சி வீட்டில்

மீனா ஆச்சி நல்ல மாதிரி. “வாங்க, வாங்க. இங்குட்டு உக்காருங்க” என்று முகப்புக்கு அடுத்த கூடத்திலேயே பாய் விரிக்கச் சொன்னார். ரேடியோ ஒரு வெளிநாட்டு அலமாரியின் மேல் பாடிக்கொண்டிருந்தது. எங்களுடையதைவிடப் பெரியது. அதன் கண்ணாடியில் பொட்டு எதுவும் கிடையாது.

விஷயத்தைக் கேட்டதும் ஆச்சிக்குச் சந்தோஷம். “அடடே! மலேயாவுலருந்தா? என்ன பேரு சொல்லுவாக? நானும் கேக்குறேன்” என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் எப்படிச் சொல்வேன்? தலையைக் குனிந்துகொண்டேன்.

“சுப்பையா, ஆச்சி. சுப்பையா ஆசாரி, பினாங்குன்னு சொல்லுவாக” என்றாள் சிவகாமி அக்கா, கணீரென்று. (அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

அவளுக்குக் கொழுந்தன். அவள் சொல்லலாம். வாய் நிறையச் சொல்லலாம். தாலி கட்டிக்கொண்ட நான் சொல்லக் கூடாது. இந்த நியாயத்தை யார் எழுதி வைத்தார்களோ, அவர்கள் வீட்டில் ஓரகத்தி இருந்திருக்க மாட்டாள்.

அந்த எரிச்சலில் நான் போய் ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். “நானே புடிக்கிறேன்” என்றேன்.

சிவகாமி அக்கா விலகி வழிவிட்டாள். பின்னால் நின்றாள். நான் திருகினேன். சீனம் வந்தது. தந்தி வந்தது. இந்தி வந்தது. ஏதோ ஒரு தேசத்துப் பெண் வாய் ஓயாமல் பேசினாள். தமிழ் மாதிரி ஒரு சத்தம் கேட்டது, திரும்பி வருவதற்குள் போய்விட்டது. ஆச்சி வீட்டுப் பெரிய கடிகாரம் ஆறரையை அடித்தது. என் விரல் வழுக்கியது. முந்தானையில் துடைத்துக்கொண்டு திருகினேன். முள் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓடியதே தவிர எங்கேயும் நிற்கவில்லை.

ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். அக்கா தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். நீளாமல் இருப்பதற்காகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்துவிட்டேன். வா என்று சொல்லவில்லை. எழுந்து தள்ளி உட்கார்ந்தேன். அவள் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தவள் குமிழைத் தொடவே இல்லை. “ஆச்சி, இந்த டியூப் லைட்டைக் கொஞ்சம் அமத்துவீகளா?” என்றாள். லைட்டை அமர்த்தியதும் பாதி இரைச்சல் போய்விட்டது. இரைச்சல் ரேடியோவில் இல்லை, லைட்டில் இருந்திருக்கிறது. அப்புறம்தான் கை வைத்தாள். கொஞ்சம் போனாள். நின்றாள். “தள்ளு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இன்னும் கொஞ்சம். தள்ளு. பிறகு விரலை எடுத்துவிட்டாள்.

கனத்த குரல் கூடத்துக்குள் வந்து நின்றது. யாரோ ஈப்போக்காரர் குடும்பத்துக்கு வாழ்த்துச் சொல்லிப் பாட்டு போட்டார்கள். பாட்டு முடிந்தது. நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

“அடுத்து, பினாங்கிலிருந்து சுப்பையா ஆசாரி, தமிழ்நாட்டில் காரைக்குடி செக்காலையில் வாழும் தந்தையார் நாகலிங்கம், தாயார் காளியம்மாள், அண்ணன் ராமலிங்கம், அண்ணி சிவகாமி...”

அண்ணி சிவகாமி! அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். ஆச்சி அவள் முதுகில் தட்டினார். அடுத்தது நான். அடுத்த பேர் நான்தான். வேறு யார் இருக்கிறார்கள்?

“...மற்றும் குடும்பத்தினர் அனைவருக்கும் தம் அன்பைத் தெரிவித்துக்கொள்கிறார்.”

மற்றும் குடும்பத்தினர்.

சிவகாமிக்குப் பேர் உண்டு. எனக்கு ‘மற்றும்’. எங்கள் வீட்டில் ‘மற்றும்’ என்று சொல்ல என்னை விட்டால் ஒரு பசுமாடுதான் இருந்தது. நான் எழுந்தேன். ஆச்சியிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. கூடத்தைத் தாண்டி, முகப்பைத் தாண்டி, விறுவிறு என்று தெருவுக்கு வந்துவிட்டேன்.

“ஏய் கனகம்! கனகம்! இங்க வாடி!” என்று உள்ளேயிருந்து அக்கா கத்துவது கேட்டது. பேர் வந்த பெருமையைச் சொல்லக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். இன்னும் வேகமாக நடந்தேன். ரேடியோவில் வராத என் பேரை அவள் தெருக் கோடிவரை கேட்கிற மாதிரி கத்திக்கொண்டிருந்தாள்.

அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் என் பக்கத்தில் வந்தாள். “ஏன்டி வந்துட்ட? பெறகு அங்க...” என்று ஆரம்பித்தாள்.

“ஒங்க பேரு வந்துருச்சுல்ல? சந்தோசமா இருங்க. எங்கிட்ட ரேடியோப் பேச்சே எடுக்காதீக” என்றேன்.

அவள் எடுக்கவில்லை. சொன்னால் சொன்னபடி நிற்கிறவள். அதுவும் எனக்குப் பிடிக்காது.

பாட்டு யாருக்கு

அதற்கு அடுத்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் இவர் லீவில் வந்தார். கறுத்துப்போய், பல் மட்டும் வெள்ளையாக வந்தார். பெட்டி பிரித்து, சேலை பிரித்து, எல்லோருக்கும் எல்லாம் கொடுத்து முடித்த பிறகு, நான் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது மெதுவாகக் கேட்டார்.

“பாட்டு கேட்டியா?”

“என்ன பாட்டு?”

“ரேடியோவுல போட்டாகளே, பூசையன்னிக்கு.”

“பேரு கேட்டேன். எல்லார் பேரும் வந்துச்சு. ஒங்க அண்ணி பேரு ரொம்ப நல்லா வந்துச்சு” என்றேன். கேட்காமலே இன்னொரு கரண்டி சோற்றைக் கொட்டினேன்.

இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, “ஒம் பேரை ஊர் ஒலகம் கேக்கச் சொல்லுவாகளாக்கும்? பேரு வீட்டுக்கு. பாட்டு ஒனக்கு. துணைவியாருக்குன்னு சொல்லச் சொல்லித்தான் எழுதிப் போட்டேன். சொல்லலியா?” என்றார்.

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

“என்ன பாட்டு?”

“நான் கேட்ட பாட்டு அவுககிட்ட இல்லயாம். வேற நல்ல பாட்டாப் போடுறோம்னு பதில் எழுதுனாக. அன்னிக்கு எனக்குப் பட்டறையில வேலை. நானே கேக்கல. என்ன பாட்டுன்னு நீதான் சொல்லுவேன்னு இருந்தேன்.”

இப்போது யோசித்துப் பாருங்கள். எனக்கு என்று கடல் தாண்டி ஒரு பாட்டு வந்திருக்கிறது. அனுப்பியவருக்கு அது எந்தப் பாட்டு என்று தெரியாது. வாங்க வேண்டிய நான் தெருவில் கோபமாக நடந்துகொண்டிருந்தேன். அந்தப் பாட்டு மொத்தமும் எங்கள் வீட்டில் ஒரே ஓர் ஆள் காதில் போய் இறங்கியிருக்கிறது. யார் காதில் என்று சொல்லவும் வேண்டுமா?

என் வயிற்றெரிச்சல் அன்றைக்கு எரிந்தது போல வேறு என்றைக்கும் எரிந்ததில்லை.

போனேன். போகாமல் என்ன செய்ய? அக்கா கொல்லையில் அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

“அன்னிக்கு எனக்குப் பாட்டு போட்டாகளா?”

“போட்டாக.” குழவியை நிறுத்தவில்லை. “துணைவியாருக்காகன்னு சொன்னாக. அதுக்குத்தான் கத்திக் கத்திக் கூப்புட்டேன்.”

“அதுக்கப்பறமாவது சொல்லியிருக்கலாமுல்ல?”

“நீதான ரேடியோப் பேச்சே எடுக்கக் கூடாதுன்ன?”

“என்ன பாட்டு அது?”

“ஏதோ ஓடாத படத்துப் பாட்டு. அதுக்கு முந்தியும் கேட்டதில்ல, பெறகும் கேட்டதில்ல.” கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “ஒம் பாட்டாச்சே. மறந்துருவேனா? மனசுல வாங்கி வச்சிருக்கேன். உக்காரு.”

உட்கார்ந்தேன். அவள் பாடினாள்.

சிவகாமி அக்காவுக்குக் கை பதமே தவிரக் குரல் பதம் கிடையாது. ஒரே தகரம். ஆனாலும் ஓர் எழுத்து விடாமல் பாடினாள். நடுவில் ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு, வாயால் ‘கொர்ர்ர்’ என்றாள்.

“என்னக்கா?”

“இந்த எடத்துல எரைச்சல் வந்துருச்சு. ரெண்டு வரி கேக்கல.” சொல்லிவிட்டு அதற்கு அடுத்த வரியிலிருந்து சரியாகத் தொடர்ந்தாள்.

நான் அழுதுகொண்டே கேட்டேன். என்னவென்று அழுதேன் என்று கேட்டால், பாட்டு நன்றாக இருந்தது. அது முதலில். இரண்டாவது, என் வீட்டுக்காரர் எனக்கு அனுப்பிய ஒரே பாட்டை அம்மிக்குப் பக்கத்தில், மிளகாய் நெடியில், ஓரகத்தி வாயால் கேட்க வேண்டியிருந்ததே என்று. அவள் முடித்ததும், இன்னொரு தரம் பாடுங்கள் என்றேன். பாடினாள். அதே இடத்தில் அதே ‘கொர்ர்ர்’.

அந்த இரண்டு வரி

எழுபதுகளின் தொடக்கத்தில் நெற்குப்பையில் ஒரு கல்யாண வீடு. அக்காவுக்குச் சொந்தம். நாங்கள் இரண்டு பேருமே முதல் நாளே போய்விட்டோம். பந்தலில் இசைத்தட்டு போடுகிறவர் பழைய தட்டுகளாக ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தார். கல்யாணத்தன்று காலையில் பின்கட்டில் காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். அக்கா வாழைக்காய் கழுவத் தண்ணீர் தொட்டிக்குப் போயிருந்தாள். அங்கே அண்டா தேய்க்கிற சத்தத்தில் காதே கேட்காது.

பந்தல் ஒலிபெருக்கியில் திடீரென்று அந்தப் பாட்டு வந்தது.

முதல் வரியிலேயே எனக்குக் கை நின்றுவிட்டது. உண்மையான பாடகி, உண்மையான குரல், வயலின் எல்லாம் உண்டு. எனக்கு என்னவோ நடுவில் நடுவில் அம்மிச் சத்தம் கேட்டது. அந்த இடம் வருகிறது, வருகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டேன். வந்தது. ‘கொர்ர்ர்’ இல்லை. அந்த இரண்டு வரியும் சுத்தமாக, முழுசாக வந்தது.

என்ன வரி! பாட்டே அந்த இரண்டு வரிக்காகத்தான் எழுதியிருக்கிறார்கள் போல இருந்தது. அரிவாள்மணையை மடக்கிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பாட்டின் கடைசியில் அக்கா ஈரக்கையோடு ஓடி வந்தாள். அவளுக்கும் வால் மட்டும் காதில் விழுந்துவிட்டது.

“ஏய், ஒம் பாட்டுடி! கேட்டியா? அந்த எடம் வந்துச்சா? அந்த ரெண்டு வரி என்னடி?”

அவள் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருஷமாக அந்த ஓட்டை அவளையும் அரித்துக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

“எரைச்சலா இருந்துச்சுக்கா. கேக்கல” என்றேன்.

அவள் பந்தலுக்கே போய்க் கேட்டாள். இசைத்தட்டுக்காரர் தாலி கட்டு நேரத்தில் பழசை எல்லாம் திரும்பப் போட முடியாது என்று விரட்டிவிட்டார். அப்புறம் அந்தப் பாட்டு எங்கேயும் வரவில்லை. என் பேரன் போனில் தேடித் தேடிப் பார்க்கிறான். படம் பேரும் தெரியாமல், ஓடாத படத்தை எங்கே தேடுவது?

அக்கா இப்போதும் செக்காலையில், அதே வீட்டில்தான் இருக்கிறாள். எனக்கு இரண்டு வீடு தள்ளி. கண் நன்றாகத் தெரிகிறது. இந்தப் பத்திரிகை வந்தால் முதல் பக்கத்திலிருந்து விளம்பரம்வரை ஒரு வரி விடாமல் படிக்கிறவள். இதையும் படிப்பாள். படித்துவிட்டுக் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நேரே இங்கேதான் வருவாள்.

அதனால்தான் அந்த இரண்டு வரியை இங்கே எழுதவில்லை.